சம்மணக்காரனின் நெஞ்சுக் கதவு

அதெல்லாம் பேயும் இல்லை, பிசாசும் இல்லை டீச்சர். மூன்றாவது மாடிக்காரம்மா உங்கள் காதிலும் போட்டுவிட்டாரா? எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிற ரோபோ பொம்மைகள் உச்சி வேளையில் தானாக எழுந்து நடக்கின்றனவாம். இந்நேரம் தாம்பரம் ஸ்டேஷன் வரைக்கும் சொல்லி முடித்திருப்பார். நடக்கவில்லை, விழுகின்றன. வெயிலில் பிளாஸ்டிக் இளகி முட்டி தளர்ந்துவிடும். மின்சார ரயில் போகும்போது தரை கொஞ்சம் அதிரும். டக்கென்று ஒன்று மண்டி போடும். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் பொய் சொல்லக் கூடாது. போன கோடை ஆரம்பத்தில் அந்த டக் சத்தத்தால் மூன்று வாரம் நானே பயந்து கிடந்தேன். அதைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு எழுத்து தெரியாது என்று உங்களுக்குத் தெரியும். நான் சொல்வதைப் புத்தகத்தில் வருகிற மாதிரி மாற்றிப் போட்டுவிடுங்கள். மற்றவர்கள் பேசியதை மட்டும் அப்படியே விடுங்கள். இல்லாவிட்டால் பல்லாவரம் சந்தைக்காரர் நியூஸ் வாசிக்கிற மாதிரி ஆகிவிடும்.

எல்லாம் இந்த முட்டியில் ஆரம்பித்தது. வலது காலில் பழைய முட்டியை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்று வைத்தார்களே, அப்போது டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? "நடக்கலாம் பாட்டி, படி ஏறலாம், பஸ்ல போலாம். தரையில சம்மணம் மட்டும் போடாதீங்க." நான் சாப்பிட்டது, காய் நறுக்கியது, பூக் கட்டியது, உங்கள் வீட்டில் உங்களுக்கு முன்னால் குடியிருந்த அம்மாவோடு ஊர் வம்பு பேசியது எல்லாமே சம்மணம் போட்டுத்தான். அந்த அம்மா கீரை ஆய்கிற அழகு இருக்கிறதே, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். சரி, அது இப்போது வேண்டாம்.

தினமும் நடக்கச் சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை என் மருமகள் ரோஜாச் செடி வாங்கப் பல்லாவரம் சந்தைக்குப் போனாள். நானும் கூடவே போனேன். பழைய மிக்ஸி, ரிமோட், ஒற்றைக் கால் ஷூ என்று தார்ப்பாயில் பரப்பி வைத்திருந்த ஒருவரிடம் ஒரு ரோபோ கிடந்தது. உள்ளே ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரிச் செய்த இயந்திர வீரன். சும்மா எடுத்து முட்டியை மடக்கிப் பார்த்தேன். முழுசாக மடங்கியது. டக், டக் என்று படிப்படியாக, வலியே இல்லாமல். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா பாட்டி, பேரனுக்கா?" என்றார் கடைக்காரர்.

"எனக்குத்தாம்ப்பா."

"மெய்யாலுமா? எட்த்துக்கோ. முட்டி சோக்கா கீது."

அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான். அதன் பிறகு வெள்ளிக்கிழமை ஆனால் தனியாகவே ரயிலேறிப் போய்விடுவேன். கலர் பார்க்க மாட்டேன், கை உடைந்திருந்தாலும் கவலை இல்லை. முட்டி மடங்க வேண்டும், அதுதான் பரீட்சை. சிலது அட்டைப் பெட்டியோடு வரும். அதில் இருக்கிற ஜப்பான் எழுத்தைப் பொறியியல் படித்த என் மகனாலும் வாசிக்க முடியாது. அந்தப் பெட்டிக்கு முன்னால் அவனும் நானும் ஒரே வகுப்பு.

ஷோகேஸில் இருந்த அவனுடைய காலேஜ் கோப்பைகளைப் பரணுக்கு ஏற்றியபோது கேட்டான், "அம்மா, நான் சின்னப் பையனா இருந்தப்ப ஒரு ரோபோ வாங்கிக் குடுத்திருக்கியா நீ?"

"உனக்கு முட்டி நல்லா இருந்துச்சுடா," என்றேன்.

சந்தையில் எனக்கு ஒரு போட்டியாளர் இருந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து வேலை போலிருக்கிறது, ஆனாலும் ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வருவார். எந்த ரோபோவை எடுத்தாலும் முட்டியைத் தொடவே மாட்டார். கட்டை விரல் நகத்தால் நெஞ்சில் இருக்கிற சின்னக் கதவைத் திறப்பார். ஓட்டுகிறவன் உட்காரும் இடம் அது. எட்டிப் பார்ப்பார், மூடுவார், வைத்துவிடுவார். ஒன்றையும் வாங்கியதில்லை. ஆனால் அவர் கையில் எடுத்துவிட்டால் அது எனக்குக் கிடைக்காமல் போய்விடுமோ என்று எனக்கு ஒரு பதைப்பு. அதனால் முதல் ஆளாகப் போய் நிற்பேன்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமை கடைக்காரர் மூட்டையை அவிழ்த்துக் கொட்டும்போதே ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்தது. சிவப்பு ரோபோ. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உயரம். முட்டியை மடக்கினேன், இடுப்பைத் திருப்பினேன், தார்ப்பாயில் வைத்தேன். டீச்சர், அது சம்மணம் போட்டு உட்கார்ந்தது! வாங்கியதில் வேறு எதுவும் அப்படி உட்கார்ந்ததில்லை. பையில் போட்டுக்கொண்டு திரும்புகிறேன், எதிரே ஆபீஸ் அட்டைக்காரர். நான் பையை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"என்ன பாட்டி, இன்னிக்கு ஒண்ணும் சிக்கலையா?"

"எங்கப்பா, எல்லாம் முட்டி போன பசங்க," என்றேன். சொல்லிவிட்டு ரயிலில் வரும் வழியெல்லாம் எனக்குள் சிரித்துக்கொண்டே வந்தேன். குரோம்பேட்டையில் ஏறிய ஒரு பெண் என்னைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஈரத் துணியால் துடைக்கும்போது நெஞ்சுக் கதவு தானாகத் திறந்துகொண்டது. உள்ளே சின்ன நாற்காலி. அதில் ஆள் பொம்மை இல்லை. ஒரு பல் இருந்தது. பால் பல், அரிசி மாதிரி. அதற்கு அடியில் கட்டம் போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள், மடித்து மடித்து நகம் அளவுக்கு ஆக்கிச் செருகியிருந்தது.

மருமகள் வேலையிலிருந்து வந்ததும் காட்டினேன்.

"ஐயோ அத்தை, தூக்கிப் போடுங்க. யார் வீட்டுப் பல்லோ!"

"இந்தத் தாள்ல என்ன எழுதியிருக்கு, அதச் சொல்லு."

பிரித்துப் பார்த்தாள். "இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதியிருக்கு அத்தை. அப்பா வந்ததும் காட்டணும்னு." அப்புறம் அவள் தாளை மடித்து என் கையில் வைத்துவிட்டு, "அந்த அப்பா வரவே இல்லையோ என்னவோ," என்று சமையலறைக்குள் போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தை. அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் மகனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பியபின் நான் தனியாக இருந்தேன். பன்னிரண்டு மணி இருக்கும். ரயில் போயிற்று. ஷோகேஸுக்குள் டக். போய்ப் பார்த்தால் சம்மணக்காரன் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறான், நெஞ்சுக் கதவு மட்டும் திறந்திருக்கிறது. பல் விழுந்த குழந்தை வாயைத் திறந்து காட்டுமே, அதே மாதிரி. மூடினேன். விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் தாழப் பறந்தது. மறுபடி டக். கறிவேப்பிலைக் கட்டில் வந்த ரப்பர் பேண்டை எடுத்து அவன் நெஞ்சில் மாட்டினேன். அதன் பிறகு சத்தம் வரவில்லை. வரவில்லை என்றாலும் காது அங்கேயே இருந்தது.

நம் பக்கத்தில் விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிவார்கள். கூரைமேல் போகாத பல் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. இரண்டு வருஷமாக முப்பது பொம்மை சேர்த்திருக்கிறேன், ஒன்றைப் பற்றியாவது இது எந்த வீட்டிலிருந்து வருகிறது, ஏன் வருகிறது என்று கேட்டேனா? எல்லாம் நன்றாக இருக்கிற வீட்டில் இப்படி மூட்டை கட்டி விற்பார்களா? முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஷோகேஸ் கண்ணாடிக்குப் பின்னால் இப்போது முப்பது பேர் நிற்கிற மாதிரித் தோன்றியது. சோற்றைக் கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டேன்.

நாலாம் நாள் மனசு கேட்காமல் எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றின் நெஞ்சையும் திறந்து பார்த்தேன். ஒன்றில் ஸ்டிக்கர் பொட்டு. ஒன்றில் செத்த எறும்பு. ஏழோ எட்டோ திறந்திருப்பேன், என் கட்டை விரலைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நகத்தால் திறப்பது, எட்டிப் பார்ப்பது, மூடுவது, வைப்பது. இப்படியே செய்கிற ஒரு ஆளை எனக்குத் தெரியும்.

அவர் முகத்துக்கு நேரே பையை மூடிக்கொண்டு வந்தேனே!

அடுத்த வெள்ளிக்கிழமை சம்மணக்காரனைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனேன். அவர் வரவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன்.

"அந்த ஐடி சாரா? அவுரு வூடு கீழ்க்கட்டளைன்னு சொல்வாரு. எந்தத் தெருன்னு எனக்கு இன்னா தெரியும்? இன்னா பாட்டி, லவ்வா?"

"போடா."

அதற்கு அடுத்த வெள்ளியும் இல்லை. அந்த வாரம் முழுக்க என் மனசு என்னென்னவோ ஜோடித்தது. அந்தக் குழந்தை இப்போது இல்லை. அப்பா மட்டும் வந்து தேடிக்கொண்டிருந்தார். தேடி அலுத்துப்போய் அவரும் விட்டுவிட்டார். பல் என்னிடமே தங்கிவிட்டது. மத்தியானம் ஆனால் ரப்பர் பேண்டைத் தொட்டுப் பார்ப்பேன், தொடாமல் இருக்க முடியாது. மகன் மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்றான். போடுவதற்கு அது என்னுடையதா?

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவர் இருந்தார். குனிந்து ஒரு பச்சை ரோபோவின் நெஞ்சைத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"ரெண்டு வாரமா காணோமேப்பா?"

"ஆபீஸ்ல வரச் சொல்லிட்டாங்க பாட்டி."

"என்னதான் தேடற நீ?"

"சும்மா."

"பல்லா?"

பச்சை ரோபோ அவர் கையிலிருந்து தார்ப்பாயில் விழுந்தது. ஒரு உயிரைப் பற்றிக் கேட்கப் போகிறோம் என்ற பயத்தில் மெதுவாகக் கேட்டேன், "குழந்தை... எப்படி இருக்கு?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா," என்றார்.

டீச்சர், நான் அங்கேயே கிடந்த ஒரு பழைய டிவி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் கத்தினார், "பாட்டி, அது ஒர்க்கிங் கண்டிஷன்!"

பல்லாவரம் வெயிலில் நின்றுகொண்டே அவர் சொன்னார். முதல் சம்பளத்திலிருந்து இந்தப் பொம்மைகள்தான் அவருக்கு எல்லாம். வீட்டில் ஒரு அறை முழுக்க. கம்பெனி ஒன்றரை வருஷம் வெளிநாட்டுக்கு அனுப்பியது.

"வீடியோ கால்ல பேசும்போது அவ மூஞ்சிய சரியாக் கூடப் பார்த்திருக்க மாட்டேன் பாட்டி. ஃபோனத் திருப்பி அப்பாவோட ஷெல்ஃப காட்டும்மா, தூசி கீசி இருக்கான்னு பாக்கறேன்னு சொல்வேன். அப்பதான் முதல் பல்லு விழுந்திருக்கு. மொட்டை மாடில எறியலாம்னு அவங்கம்மா சொன்னதுக்கு, வேணாம், அப்பா வரட்டும்னு எடுத்து வெச்சிருக்கா. நான் வந்தா முதல்ல எங்க போவேன்னு அவளுக்குத் தெரியுமே."

"அப்புறம் ஏன்ப்பா வித்த?"

"வந்த ரெண்டாம் நாள் வீட்ல பெரிய சண்டை. நீங்க எங்களப் பார்க்க வரல, பொம்மையப் பார்க்கத்தான் வந்தீங்கன்னு வைஃப் சொன்னா. எனக்கும் சுருக்குன்னு ஆயிடுச்சு. சரி, இனிமே இதெல்லாம் வேணாம்னு ஒரு மணி நேரத்துல மூட்டை கட்டி பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேன். பொண்ணுக்காகத்தான் பண்ணேன். ஸ்கூல்லேருந்து வந்தா, காலி ஷெல்ஃபப் பார்த்தா. எல்லாத்தையும் திறந்து பாத்தியாப்பான்னு கேட்டா. எதுக்கும்மான்னேன். ஒண்ணுமில்லன்னுட்டா. அப்புறம் அவங்கம்மா சொல்லித்தான் பல்லு விஷயமே எனக்குத் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் குழந்தை அதப் பத்திக் கேக்கறதே இல்ல பாட்டி. அதான் தாங்க முடியல."

"கடைக்காரங்ககிட்ட சொல்லியிருந்தா அவங்களே தேடித் தந்திருப்பாங்களே?"

"சொன்னா ஒவ்வொருத்தரும் ஒரு பல்லைக் கொண்டாந்து குடுப்பாங்க."

அது நியாயம்தான். துண்டைப் பிரித்தேன். சிவப்பைப் பார்த்ததும் அவர் கை நேரே அதன் நெஞ்சுக்குப் போயிற்று. ரப்பர் பேண்டைக் கழற்றப் போனார். நான் அவர் கையில் ஒன்று போட்டேன். ஆமாம் டீச்சர், அடித்தேன், முன்பின் தெரியாத ஆளை.

"இங்க திறக்காத. அவ எதிர்ல உக்காந்து திற. இதுல ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத."

"பொம்மை வேணாம் பாட்டி, மறுபடி அதை வீட்ல வைக்க முடியாது. பல்லை மட்டும்..."

"அவ வெச்ச இடத்துலேருந்துதான் நீ எடுக்கணும். அப்புறம் பொம்மைய என்ன வேணா பண்ணு."

துண்டோடு வாங்கிக்கொண்டு போனார். ரயில்வே கேட் பக்கம் திரும்பும்வரை மூட்டையைக் குழந்தையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டே போனார். அன்றைக்கு முந்தானையில் மறைத்ததைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. இப்போது உங்களிடம்தான் சொல்கிறேன்.

அதன் பிறகு அவர் சந்தைக்கு வரவே இல்லை. வராதது நல்லதுக்குத்தானே டீச்சர்? குழந்தை என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியவே போவதில்லை. என் துண்டும் போயிற்று, நல்ல துண்டு, திருப்பதியில் வாங்கியது.

நான் இப்போதும் வெள்ளிக்கிழமை போகிறேன். வாங்குவதில்லை. கடைக்காரருக்கு என்மேல் கோபம். பையில் இரண்டு மூன்று பேரை எடுத்துக்கொண்டு போய்த் தார்ப்பாய் ஓரமாக நிற்க வைக்கிறேன். யாராவது குனிந்து நெஞ்சைத் திறந்தால், தொலைத்ததைத் தேடி வந்தவர் என்று தெரிந்துவிடும். இதுவரை ஒருவரும் திறக்கவில்லை. முட்டியைப் பார்க்கிறவர்கள்கூட இல்லை.

அதோ உங்கள் கையில் இருக்கிறானே, நீலக்காரன், அவனுக்கு மட்டும் நெஞ்சுக் கதவு திறக்காது. யாரோ பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். காதோரம் வைத்து லேசாகச் சாய்த்தால் உள்ளே ஏதோ உருளும். கத்தியால் நெம்பிவிடலாம் என்கிறான் என் மகன். ஒட்டினவர்கள் யாருக்காக ஒட்டினார்கள் என்று தெரியாமல் நான் எப்படி... ஐயையோ, மேலே டேங்க் வழிகிறது! மோட்டாரைப் போட்டதே மறந்துபோய்விட்டது, மூன்றாவது மாடிக்காரம்மா இதையும் பேய் கணக்கில் எழுதிவிடுவார். நிறுத்திவிட்டு வருகிறேன். அவனை அப்படி ஆட்டாதீர்கள் டீச்சர், மெதுவாக மேசையில் வையுங்கள்.