முடிவு வராத சாட்சி

ஜெபத்துக்குப் பதில் கிடைத்தவர்கள் எழுந்து அதைச் சாட்சியாகச் சொல்லி, ஸ்தோத்திரம் என்று முடிப்பது, தாம்பரத்தில் மெட்டில்டா போகும் சபையின் வழக்கம். மெட்டில்டா மட்டும் எழுந்ததே இல்லை. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகன் ஆரோன் இன்னும் திரும்பவில்லையே, எதைச் சொல்லி ஸ்தோத்திரம் என்று முடிப்பாள்?

சபைப் பெண்களுக்குச் சனிக்கிழமை மாலையில் ஜோசலின் டீச்சர் எழுத்து வகுப்பு எடுத்தார். ஒரு கதையை வாசித்துக் காட்டுவார். எழுத்தாளர் எப்படித் தொடங்கினார், எங்கே நிறுத்தினார் என்று பார்த்து, அவரவர் கதையை எழுத வேண்டும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய மெட்டில்டாவும் போனாள்.

அன்றைய கதையில், கடலுக்குப் போய் இன்னும் திரும்பாத கணவனுக்கும் சேர்த்து ஒருத்தி இரண்டு பேருக்கு உலை வைத்தாள். அதோடு கதை முடிந்துவிட்டது.

"அவன் வந்தானா டீச்சர்?" என்றாள் மெட்டில்டா.

"எழுதினவரே சொல்லலையேக்கா."

"வரலைன்னா சோத்துல தண்ணி ஊத்தி வெச்சிட வேண்டியதுதான்" என்றாள் பக்கத்திலிருந்த எப்சி. எல்லாரும் சிரித்தார்கள்.

மெட்டில்டா சிரிக்கவில்லை. "அப்போ முடிவு தெரியாததக்கூட எழுதலாமா?"

"தாராளமா எழுதுங்கக்கா."

அனகாபுத்தூரில் தன் வீட்டுத் தெருவுக்குள் ஆற்றுத் தண்ணீர் வரும்போதெல்லாம் ஆரோனின் கிரிக்கெட் மட்டையை முதலில் பரணில் ஏற்றுவதை மெட்டில்டா எழுதினாள். வெள்ளம் வடிந்ததும், அவன் வைத்திருந்த அதே கதவோரத்தில் அதைச் சாய்த்து வைப்பதை எழுதினாள். சாட்சிகளைக் கேட்ட பழக்கத்தில் கை கடைசியில் ஸ்தோத்திரம் என்று எழுதப் போனது. அந்த ஒரு வரிக்கு மட்டும், அவன் வந்தபின் எழுதிக்கொள்ளலாமென்று இடம் விட்டாள்.

ஞாயிறு ஆராதனையில், "சாட்சி சொல்றவங்க இருக்கீங்களா?" என்று போதகர் கேட்டார்.

தாளை எடுத்துக்கொண்டு மெட்டில்டா எழுந்தாள்.