பத்தொன்பது ஊர்களுக்கான விடுப்பு

ஒருவரை இளைப்பாறச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் கையிலேயே வேலைப் பட்டியலையும் கொடுத்தவன், தான் அவருக்கு உதவி செய்ததாக எத்தனை நாள் நம்பிக்கொண்டிருக்க முடியும்? நான் ஒரு மாதம் முழுக்க நம்பினேன்.

அறுபதுகளின் நடுவில் தாராவியில் எங்கள் தமிழ்ச் சபைக்கு நான் கமிட்டிச் செயலாளர். செம்பூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தேன். பட்டம் பெற்றவன் என்பதைத் தவிர அந்தப் பொறுப்புக்கு எனக்கு வேறு தகுதி இருந்ததாகத் தெரியவில்லை. சமுதாயத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற வேகம் மட்டும் நிறைய இருந்தது.

எங்கள் போதகருக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். ஞாயிறு ஆராதனை அவருடைய வேலைகளில் மிகச் சிறியது. ரேஷன் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுவார். கள்ளச்சாராயத்தோடு பிடிபட்டவனுக்காகப் போலீஸ் சௌக்கியில் நிற்பார். ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு என்ன நோய் என்று மராத்தி நர்ஸிடம் கேட்டு, வீட்டாருக்குத் தமிழில் சொல்வார். குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தை ஓங்கிச் சண்டைக்கு நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். யாரும் அவரை வெறுக்கவில்லை. எல்லோரும் நேசித்தார்கள். அந்த நேசத்துக்கு நேரங்காலம் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரமண்டல ஜெபத்தின் நடுவில் அவர் நின்றுவிட்டார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. சபையே மீதி ஜெபத்தைச் சொல்லி முடித்தது. வெளியே வந்தபோது பலர் முகத்தில் பரவசம்.

"ஆவியானவரு ஐயாவத் தொட்டுட்டாருல்லா!" என்றார் கமிட்டியின் மூத்த உறுப்பினர். தோல் பதனிடும் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்தவர்.

போதகரின் மனைவி என்னைத் தனியே அழைத்தார். "தம்பி, ஆவியும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோறு வச்சா தட்டையே பாத்துக்கிட்டு இருக்காவ. கதவத் தட்டுற சத்தம் கேட்டா அடுப்படிக்குள்ள போயி நின்னுக்கிடுதாவ. எதாவது செய்யுங்க."

மாட்டுங்காவில் எனக்குத் தெரிந்த டாக்டரிடம் அவரை அழைத்துப் போனேன். டாக்டர் வெகுநேரம் பேசிவிட்டு, அவர் எதிரிலேயே என்னிடம் சொன்னார்: "மருந்து எழுத ஒண்ணுமில்லே. ஒரு மாசம் இவர்கிட்டே யாரும் எதுவும் கேக்கப்படாது. புரியறதா? யாரும், எதுவும்."

புரிந்தது என்று தலையாட்டினேன்.

கமிட்டியில் வாதாடி ஒரு மாத விடுப்பு வாங்கினேன். அவர் திருநெல்வேலிக்குப் போய் மனைவியின் பிறந்த வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று முடிவாயிற்று. எங்கள் சபை வரலாற்றில் போதகருக்கு ஓய்வென்று விடுப்புக் கொடுத்தது அதுவே முதல் தடவை. அந்தப் பெருமையில் அடுத்த ஞாயிறு நானே அதை ஆராதனையில் அறிவித்தேன். தவறு அங்கே தொடங்கியது.

பம்பாயில் எங்கள் ஆட்களில் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால், அவர் ஒருவராகப் போவதில்லை. தெருவே அவரோடு போகும். கொண்டுபோக மாட்டேன் என்பது உறவை அறுத்துக்கொள்வதற்குச் சமம். அன்று மாலைக்குள் போதகர் வீட்டு வாசலில் பொட்டலங்கள் சேர்ந்துவிட்டன. பொட்டலங்களாவது பேசாமல் கிடக்கும். கூடவே வந்த வேண்டுகோள்கள் அப்படியல்ல.

"ஐயா, எங்க அம்மைக்கு ரொம்ப முடியல. நீங்க போயி ஒரு ஜெபம் பண்ணுனியன்னா நிம்மதியாக் கண்ண மூடுவா."

"மவனுக்கு ஒரு பொண்ணு சொல்லியிருக்காவ. நீங்க பாத்து நல்ல பொண்ணுன்னு சொன்னா போதும், வேற யாரு சொல்லும் வேண்டாம்."

"அண்ணன் வயல் வெவகாரத்துல மொறச்சிக்கிட்டு நிக்கான். நீங்க சொன்னா கேப்பான்."

அவர் ஒருவருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. நான் தடுத்திருக்க வேண்டும். ஆனால் என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஒழுங்கின்மைதான். எல்லா வேண்டுகோள்களையும் வாங்கி, ஊர் வாரியாகப் பிரித்து, எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊருக்குப் பஸ் உண்டு என்று விசாரித்து, அலுவலகத் தட்டச்சில் பிழையில்லாமல் அடித்தேன். பத்தொன்பது ஊர்கள் வந்தன. கமிட்டிக்கு ஒரு கார்பன் நகலும் எடுத்துக்கொண்டேன்.

தாதர் ஸ்டேஷனில் அதை அவரிடம் கொடுத்து, "ஐயா, இந்த வரிசைப்படி போனால் அலைச்சல் பாதியாகிவிடும்" என்றேன்.

அவர் படித்துப் பார்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அழகா அடிச்சிருக்கிய" என்றார். அவர் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த மாதம் ஊர்களிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. ஐயா வந்தார், ஜெபித்தார், பெண் பார்த்தார், வயல் வழக்கைத் தீர்த்தார். ஒவ்வொரு கடிதத்துக்கும் என் நகலில் ஒரு குறி போட்டேன். பதினெட்டுக் குறிகள் விழுந்தன.

விடுபட்டது மேஸ்திரியின் ஊர். போதகர் திரும்பிய மறுநாளே மேஸ்திரி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "எல்லார் வீட்டுக்கும் வழி தெரிஞ்சுது. எங்க வீட்டுக்கு மட்டும் ஐயாவுக்குப் பாத மறந்துட்டோ?"

"மன்னிச்சிருங்க. அன்னைக்குக் காய்ச்சல்" என்றார் போதகர்.

"காய்ச்சலா! பத்தொம்பதாவது ஊருக்குன்னு பாத்து வந்திருக்கு, பாருங்க" என்று மேஸ்திரி சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். செயலாளர் என்ற முறையில் நானும் அங்கே நின்றிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு பெண் தன் குழந்தைக்காக ஜெபிக்கச் சொன்னபோது அவர் கைகூப்பி, "என்னால முடியலம்மா" என்றாராம். அன்றே ராஜினாமாக் கடிதம் என் கைக்கு வந்தது. ஓடிப்போய், "ஐயா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "டாக்டர் சொன்னப்ப நீங்களும் கூடத்தான இருந்திய, தம்பி?"



பிரிவு உபசாரத்தில் மேஸ்திரி அழுதார். பொய்யழுகை இல்லை. கண்ணாடிச் சட்டம் போட்ட வாழ்த்துமடலை அவரே வாசித்தார். 'களைப்பென்பதையே அறியாத ஊழியர்' என்று அதில் அச்சாகியிருந்தது. அதைக் கேட்டபடி அந்த மனிதர் மாலையோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் நன்றிகூட அவரை உற்றுப் பார்த்து எழுதப்படவில்லை. சோர்ந்தவரைச் சோர்ந்தவர் என்று சொல்வது ஏதோ அவதூறு என்பதுபோல நாங்கள் நடந்துகொண்டோம். அவருக்கும் சாய்ந்துகொள்ள ஓர் ஆள் வேண்டியிருக்கும் என்று, நான் உட்பட, ஒருவரும் நினைக்கவில்லை. கெட்டவர்கள் செய்திருந்தால் எதிர்த்திருப்பார். நாங்கள் அன்பாகக் கேட்டோம்.

அதன் பிறகு அவர் எந்தச் சபையையும் ஏற்கவில்லை. தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. வர வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு நியாயமும் இல்லை.

இப்போது எங்கள் சபையில் எந்தப் போதகரின் விடுப்பையும் ஆராதனையில் அறிவிப்பதில்லை. அவர் புறப்பட்டுப் போன பிறகுதான் சொல்கிறோம். திங்கட்கிழமைகளில் யாரும் அவர் கதவைத் தட்டுவதில்லை. ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் சௌக்கிக்கும் கமிட்டிக்காரர்களே முறை வைத்துப் போகிறோம். வியாழக்கிழமை என்னுடைய முறை.