அத்தையின் வட்டம்

முப்பத்தெட்டு வயதில் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. அறுத்தார்கள், முடி கொட்டியது, திரும்ப முளைத்தது. அதன் பிறகுதான், என் மரபணுவில் பிறவியிலேயே ஒரு மாறுதல் இருப்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னது. அதுவரை நான் மைக்ரோவேவைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் மரபணு ஆலோசகர் குடும்பத்தை ஒரு தாளில் வரைந்து வரச் சொன்னார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், புற்றுநோய் வந்தவர்களைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். இன்னும் யாரை எச்சரிக்க வேண்டும் என்று அதில் தெரியுமாம். நான் அம்மா பக்கத்தை மட்டும் வரைந்து கொண்டுபோனேன். எல்லாம் வெள்ளை. இது பெண்கள் சமாச்சாரம், அப்பாவுக்கு இதில் என்ன வேலை என்று நினைத்திருந்தேன்.

“அப்பாகிட்டேர்ந்தும் வரும். அவருக்கு நோயே வராம, பிள்ளைக்குக் குடுத்திருக்கலாம்,” என்றார் அவர்.

அப்பா எனக்கு எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை என்று இத்தனை வருடம் குறைப்பட்டது தவறு.

அப்பா பக்கத்தில் மிச்சமிருப்பது கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் இருக்கும் அவர் தங்கை ஒருவர்தான். தாளில் அப்பா பக்கத்தையும் வரைந்துகொண்டு ஃபெரி ஏறிப் போனேன். அத்தை மைலோ கலக்கிக் கொடுத்தார்.

“பெரிய அத்தை எப்படிச் செத்தாங்க?”

“ஒடம்புல காத்து.”

“நடு அத்தை?”

“அவளுக்கு மனக்கவல.”

எங்கள் குடும்பத்தில் யாரும் நோயால் செத்ததில்லை.

“காத்து எந்த எடத்துல?” என்றேன். அத்தை வாசலைப் பார்த்துவிட்டுத் தன் மார்பைத் தொட்டார். கவலையும் அங்கேதானாம். இரண்டு வட்டங்களைக் கறுப்பாக்கினேன். கோபம் கோபமாக வந்தது. ஒருவராவது வாயைத் திறந்திருந்தால் நான் முன்னாடியே போய்ப் பார்த்திருப்பேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைக் கிட்டே இழுத்தார். “இது யாரு?”

“நீங்கதான்.”

“ஏன் வெள்ளையா இருக்கு?”

“ஒங்களுக்குத்தான் ஒன்னுமில்லையே.”

பென்சிலை வாங்கி, கோட்டைத் தாண்டாமல், நிதானமாக அதைக் கறுப்பாக்கினார்.

“தீபாவளிக்கு முன்னலேர்ந்து கட்டியாட்டம் இருக்கு லா. காத்துன்னு நெனச்சேன்.”

அழிரப்பரை எடுத்து அந்த வட்டத்தைத் தேய்த்தேன். முழுதாகப் போகவில்லை.

“அத டாக்டர்தான் சொல்லணும். சேலைய மாத்துங்க, அடுத்த ஃபெரில போறோம்.”

வாசலில் பக்கத்து வீட்டு அக்கா எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டார். அத்தை என்னைப் பார்த்தார்.

“மார்புல கட்டி. ஆஸ்பத்திரிக்கு,” என்றார், பாசாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர் போல.