அந்த அம்மா சொன்ன ‘பலே’

மூன்று வருஷத்துக்கு முன்பு, மலேசியாவின் கேமரன் மலையில் மழைக்காலம். எனக்கு எட்டாவது மாதம். முதல் பிள்ளை கலைந்து, ஆறு வருஷம் கழித்துத் தங்கிய கரு. காலையில் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து இறங்கி, பஸ்ஸுக்காக மெயின் ரோட்டுக்கு வந்தவள் ஈரத்தில் சறுக்கி விழுந்துவிட்டேன். சுடிதார் நனைந்தது. தொட்டுப் பார்த்தால் ரத்தம். தேயிலை பெக்டரியில் இருந்த கணவருக்குப் போன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை.

மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஓடி வந்து என்னைத் தங்கள் காரில் ஏற்றினார்கள். அந்த வெள்ளைக்காரர் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டார். அவர் மனைவிக்கு ஐம்பது வயதிருக்கும். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “பலே, பலே” என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வித்தை காட்டினால் சொல்வோமே, அந்தப் பலே என்றுதான் என் காதில் விழுந்தது. வலியில் துடிக்கிறேன், இது என்ன கேலி? அவர் கையைத் தட்டிவிட்டேன்.

“என் பிள்ளை போயிரும்போல இருக்கு, பலேங்கிறீங்களே” என்று கத்தினேன்.

தமிழ் தெரியாவிட்டாலும் கோபம் புரிந்திருக்கும். ஆனாலும் தன் ஸ்வெட்டரைக் கழற்றி என் காலில் போர்த்தினார்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். “பயப்படாதீங்க லா, பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. நெஞ்சு நல்லாத் துடிக்குது” என்றார் தமிழ் நர்ஸ். “அந்த வெள்ளைக்காரம்மா ரெண்டு மணி நேரமா பெஞ்சிலயே உக்காந்திருக்காங்க. போங்கன்னாலும் போகல.”

உள்ளே வந்த அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, “பலே?” என்று கேட்டார். நர்ஸிடம் அது என்னவென்று விசாரிக்கச் சொன்னேன். நர்ஸ் அவர் கணவரிடம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“ஸ்பெயின்காரங்களாம். நம்ம ‘சரி’ மாதிரியாம்க்கா. கேக்கும்போது சொன்னா ‘சரியா?’ன்னு அர்த்தம். அழுறவங்ககிட்ட சொன்னா, ‘சரி, சரி, ஒண்ணுமில்ல’ன்னு.”

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்து என் வயிற்றில் வைத்தேன். “சரிம்மா” என்றேன், தமிழில்தான். உள்ளே பிள்ளை உதைத்தது. அந்த அம்மா சிரித்தார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேர்கூடக் கேட்காமல் அனுப்பிவிட்டேன்.

ஆறுதலைக் கேலியாக எடுத்துக்கொண்டேனே என்று இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் திட்டியவளை விட்டுப் போக மனமில்லாமல் ஒருவர் காத்திருந்தார் என்று நினைக்கும்போது, எந்த ஊர் மனிதரைப் பார்த்தாலும் எனக்குப் பயம் வருவதில்லை.