பாட்டு நின்றால் வண்டி நிற்கும்

லாரி டிரைவருக்கு முன்பக்கம் பார்க்கக் கடவுள் இரண்டு கண்ணைக் கொடுத்தார். பின்பக்கத்துக்குக் காதைத் தவிர வேறொன்றும் கொடுக்கவில்லை. ஸ்டியரிங் பிடித்துப் பிழைத்த சக பாவிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் லாரிக்கு அடுப்புக்கரியைத் தின்னக் கொடுத்த காலம். கொல்லிமலைக்கு மேலே லாரி போகிற ரோடு அப்போது கிடையாது. மலைக்காரர்கள் பலாவையும் மிளகையும் வாழைத்தாரையும் தலைச்சுமையாக அடிவாரத்துக்கு இறக்குவார்கள். நான் அதை ஏற்றிக்கொண்டு மலையடியைச் சுற்றி வந்து, நாமக்கல் வழியாகத் திருச்சி மண்டிக்குப் போவேன். சரக்குக்குச் சொந்தக்காரர்களும் சரக்கின் மேலேயே உட்கார்ந்து வருவார்கள். தங்கள் பழத்தைத் தாங்களே நின்று விற்றால்தான் அவர்களுக்குத் திருப்தி.

எனக்கு முன்னால் அந்த வண்டியை ஓட்டியவர், மேலிருந்து ஓர் ஆள் விழுந்தது தெரியாமல் வெகுதூரம் போய்விட்டார். தாழ்ந்து கிடந்த புளியங்கிளை தட்டி விட்டிருக்கிறது. விழுந்தவர் பிழைக்கவில்லை. டிரைவர் வண்டியைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹாண்டிலைக் கொண்டுபோய் முதலாளியின் மேஜைமேல் வைத்துவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். முதலாளி சேந்தமங்கலத்து ராவுத்தர், நல்ல மனுஷர், என்னைக் கூப்பிட்டார். வயிற்றுக்காக ஒப்புக்கொண்டேன். அன்றிலிருந்து என் முதுகுக்குப் பின்னால் யாராவது விழுந்துகொண்டே இருந்தார்கள், நிஜத்தில் அல்ல, என் நினைப்பில்.

கயிறு

முதலில் நான் கண்டுபிடித்தது கயிறு. ஒரு முனை என் இடது கையில். மறுமுனை மேலே இருப்பவர்களிடம். ஆபத்து என்றால் ஓர் இழுப்பு இழுக்க வேண்டியது. கிளீனர் அங்கப்பன் என்னைவிட வயதில் மூத்தவர், ஒரு காது மந்தம். அவர் கயிற்றைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே, வண்டியோடு பொருத்தியிருந்த, எஞ்சினுக்கு வாயு தரும் கரி அடுப்பைக் கிளறப் போய்விட்டார். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

மேலே கயிறு பிடித்தவர் தூங்கிப்போய்ப் புரண்டு படுத்தார். நான் பிரேக் போட்டேன். கொசு கடித்துக் கையை உதறினார், அதற்கும் போட்டேன். கடைசியில் ஒரு வேலமரக் கிளை கயிற்றை மாட்டி இழுத்துக்கொண்டது. என் கை தோளோடு கழன்றுவிடும் போலிருந்தது. வண்டி ரோட்டைவிட்டு இறங்கி ஒரு சோளக்காட்டுக்குள் போய் நின்றது. மேலிருந்து ஒருவர் நிதானமாக இறங்கி வந்தார். மலைமேல் எடப்புளி நாடு என்கிற பகுதிக்காரர், பெயர் சடையன். என் கையிலிருந்த முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டுச் சொன்னார்:

"கயிறு எதுக்குங்க டிரைவரு? நாங்க மாத்தி மாத்திப் பாடிக்கிட்டே வாரோம். பாட்டு நின்னுச்சுன்னா ஆளு போச்சுன்னு வெச்சுக்கங்க."

எல்லைக் கல்

இப்படித்தான் எங்கள் வண்டிக்குச் சட்டம் வந்தது: மேலே ஏறினால் பாட வேண்டும், பாட்டு நின்றால் வண்டி நிற்கும். சடையன்தான் முதலில் எடுப்பார். கனமான குரல். இறக்கத்தில் நியூட்ரலில் விட்ட வண்டி மாதிரி சிரமமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். பின்னால் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். இனி நிம்மதி என்று நான் நம்பியது அந்த முதல் நாள் ஓடை வரும்வரைதான்.

மலையடிப் பாதை முடிந்து பெரிய ரோட்டில் சேர்வதற்கு முன்னால் ஓர் ஓடை. அதன் கரையில் மஞ்சள் பூசிய ஒரு கல். வண்டி அதை நெருங்கியதும் பாட்டு கத்தரித்தாற்போல நின்றுவிட்டது. ஒரு குரல் இல்லை, ஒரு முனகல் இல்லை. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் விழுந்தால் ஒழிய அப்படி நிற்காது. நான் போட்ட பிரேக்கில் பலாப்பழங்கள் உருண்டு வந்து என் முதுகுப் பலகையில் மோதின. ஒவ்வொரு மோதலும் எனக்கு ஒரு மண்டையாகக் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறார்கள்! போ, போ என்று கையைக் காட்டினார்கள். ஓடையைத் தாண்டிய பிறகுதான் சடையன் வாயைத் திறந்தார்:

"அது மலையோட எல்லைங்க. எங்க சாமிக்குப் பாட்டுன்னா உசுரு. நாம பாடிக்கிட்டு எல்லை தாண்டுனா பாட்டு பின்னாலயே அதுவும் வந்துருமுங்க. அப்புறம் மலைக்கு ஏதுங்க காவல்?"

பாட்டுப் பெட்டி

ராவுத்தர் வீட்டில் கல்யாணம். அவருடைய மச்சினர் திருச்சியில் ஒரு கிராமபோன் வாங்கிக்கொண்டு, திரும்புகிற வண்டியில் என் பக்கத்தில் ஏறினார். பெட்டியை மடியில் வைத்து, அடியில் தலையணை கொடுத்து, சாவி முடுக்கினார். ஒவ்வொரு குழிக்கும் ஊசி எகிறி, பாடுகிற அம்மாள் பல்லவியிலிருந்து நேராகக் கடைசி வரிக்குத் தாவினாள். ஆனால் காவிரிக் கரையோரம் ரோடு நன்றாக இருந்தது. அங்கே அவள் ஒழுங்காகப் பாடினாள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உருகிப்போனேன்.

முசிறி தாண்டியதும்தான் உறைத்தது. மேலேயிருந்து பாட்டு கேட்டு எவ்வளவு நேரமாயிற்று? வண்டியை ஓரங்கட்டிப் பின்பக்கமாக ஏறிப் பார்த்தேன். உப்பு மூட்டைகள் இருந்தன. மண்ணெண்ணெய் டின்கள் இருந்தன. ஆட்கள் இல்லை! ஒருவர்கூட இல்லை! வந்த வழியைத் திரும்பிப் பார்த்தேன். வெயிலில் ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. ராவுத்தர் முகமும், போலீஸ் ஸ்டேஷனும், ஒரு புளியமரமும் கண்முன் வந்து போயின. அப்புறம்தான் முன்பக்கம் வரிசையாகக் கால்கள் தெரிந்தன. அத்தனை பேரும் டிரைவர் கூரைமேல் குப்புறப் படுத்து, காதைக் கூரைத் தகட்டில் ஒட்டவைத்துப் பெட்டியின் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் போட்ட சத்தத்தில் மச்சினர் ஊசியையே தவறவிட்டார். மலைக்காரர்களில் ஓர் அம்மாள் மட்டும் அசையாமல் கேட்டாள்:

"ஏனுங்க, அந்தம்மா பாடறப்ப நாங்க குறுக்க பாடுனா மரியாதையாங்க?"

ஒற்றை ஆள்

ஒரு மழைக்காலத்தில் மேலே ஏறியது ஒரே ஆள்தான். பைல் நாட்டிலிருந்து மிளகு மூட்டையோடு வந்த ஒரு பெண்மணி. சட்டத்தைச் சொன்னேன். தலையாட்டினாள். வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தாள் பாருங்கள், ஒப்பாரி! 'சாலை வழி போனவனே, சக்கரத்தை நம்புனவனே' என்று எனக்கென்றே கட்டினது போல. மழை கொட்டுகிறது, எதிரே ஒன்றும் தெரியவில்லை, கரி நனைந்து எஞ்சின் இருமுகிறது, தலைக்குமேல் என் சாவுக்கு அழுகிறாள். நிறுத்தச் சொல்லலாம் என்றால், நிறுத்தினால் அவள் இருக்கிறாளா என்பது எனக்கு எப்படித் தெரியும்? நாமக்கல்வரை வியர்த்துக்கொண்டே ஓட்டினேன். இறங்கி, வேறு பாட்டே தெரியாதா தாயே என்று கும்பிட்டேன். அவளுக்கு வருத்தமாகப் போய்விட்டது.

"நான் எழவு ஊட்டுல பாடித்தானுங்க பழக்கம். உங்களுக்காவ இன்னிக்குச் சிரிச்ச மொகமா வேற பாடுனேன்."

ஓயாத குரல்

இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வெயில் ஏறத் தொடங்கியிருந்த காலை நேரம். அங்கப்பனும் நானும் கரி அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். அந்தச் சமயத்தில் ஆட்கள் ஏறிக்கொண்டார்கள். வண்டி நகர்ந்தது. சடையன் பாட்டு எடுத்தார். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்ததையும் அவரே எடுத்தார். அதற்கடுத்ததும் அவரே. வழக்கத்துக்கு மாறாக வேறு யாரும் மாற்றிப் பாடவில்லை. எனக்கென்ன, குரல் விட்டுப்போகாமல் வருகிறதே! அந்த வேலைக்கு வந்த பிறகு நான் பயமில்லாமல் வண்டி ஓட்டிய காலை அது ஒன்றுதான். ஸ்டியரிங்கில் தாளம்கூடப் போட்டேன்.

ஓடை வந்தது. பாட்டு நிற்கும் என்று வேகத்தைக் குறைத்தேன். நிற்கவில்லை. எல்லைக் கல்லுக்கு நேராக வந்தபோது சடையன் குரல் இன்னும் உயர்ந்தது. கத்துகிறாரா பாடுகிறாரா என்று தெரியாத அளவுக்கு உயர்ந்தது. எத்தனையோ தடவை அந்தக் கல்லைத் தாண்டியிருக்கிறேன். ஒரு குழந்தைகூட அங்கே வாய் திறந்ததில்லை. ஓடையைக் கடந்து நிறுத்தினேன். கரி வண்டியை அணைத்தால் திரும்பக் கிளப்புவதற்குள் பொழுது போய்விடும் என்று எஞ்சினை அங்கப்பனிடம் விட்டுவிட்டுச் சக்கரத்தில் கால் வைத்து மேலே ஏறினேன்.

மற்றவர்கள் பயத்தில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு குறுகிக் கிடந்தார்கள். பலாப்பழங்களுக்கு நடுவே சடையன் மனைவி வெள்ளாயி கிடந்தாள். காலில் கெண்டைச் சதைக்கு மேலே துணி இறுக்கிக் கட்டியிருந்தது. விடியற்காலையில் மிளகுக் கொடிக்கு அடியில் நல்ல பாம்பு தீண்டிவிட்டது. தூளி கட்டி மலையிலிருந்து தூக்கி வந்திருக்கிறார்கள். இமை பாதிக்குமேல் இறங்கிவிட்டது. தூங்கவிட்டால் போய்விடுவாள் என்று சடையன் மலை உச்சியிலிருந்தே பாடிக்கொண்டு வந்திருக்கிறார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"சாகக் கெடக்கற ஆள லாரியில ஏத்த மாட்டாங்கன்னு சொன்னாங்க. பாட்டு நின்னா நீங்க ஏறி வந்து பாத்துருவீங்க. எறக்கி உட்டுருவீங்க. அதானுங்க நிறுத்தல."

"அதுக்காக எல்லையிலயும் பாடுவியா? சாமி..."

"வரட்டுமுங்க," என்றார் சடையன். குரல் பிசிறிவிட்டது. "இன்னிக்கு ஒரு நாளைக்கு மலை காவலில்லாமக் கெடக்கட்டும். சாமி எங்ககூட ஆஸ்பத்திரிக்கு வரட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாங்கள் எல்லோருமாக வெள்ளாயியைக் கீழே இறக்கி எனக்கும் சடையனுக்கும் நடுவில் உட்கார வைத்தோம். வண்டியை எடுத்தேன். சடையன் பாட வாயைத் திறந்தார். காற்றுத்தான் வந்தது. மறுபடி முயன்றார். தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வெள்ளாயியின் தலை மெதுவாக என் தோள்மேல் சாய்ந்தது. அந்தக் கனத்தை நான் சாகிறவரை மறக்கமாட்டேன்.

நான் என் ஆயுளில் பாடியதில்லை. பள்ளிக்கூடத்தில் கடவுள் வாழ்த்துக்கு என்னை மட்டும் வாயசைக்கச் சொல்வார்கள். எனக்கு எந்தப் பாட்டும் தெரியாது. பயத்தில் நினைவுக்கு வந்தது மண்டி ஏலக்காரரின் கூவல்தான். "பலா பாரு, பழுத்த பலா! வாழ பாரு, மலை வாழ!" என்று ராகம் போட்டுக் கத்தினேன். இடையிடையே ஹாரனை அமுக்கினேன். சேந்தமங்கலம் கடைவீதியில் ஜனங்கள் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். ராவுத்தரும் பார்த்தார். ஒரு கண் ரோட்டில், ஒரு கண் அவள் இமையில். இமை கீழே இறங்குகிற போதெல்லாம் கூவலை உயர்த்தினேன். கரி வண்டி நத்தையாக ஊர்ந்தது. திட்டினேன், கெஞ்சினேன், அதையும் ராகத்தோடுதான் செய்தேன். நாமக்கல் ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் அவளை வாங்கிக்கொண்டு உள்ளே போன பிறகும் நான் கூவிக்கொண்டிருந்தேனாம். அங்கப்பன்தான் என் வாயைப் பொத்தினார்.

ஊசி போட்டிருக்கிறார்கள், விடிந்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள். பழம் அழுகும், கிளம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. திருச்சிவரை மேலே யாரும் பாடவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வந்து ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியவன், வார்டுக்குள் போகத் துணிவில்லாமல் கதவருகிலேயே நின்றேன். உள்ளே வெள்ளாயி சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். குரல் இன்னும் திரும்பாத சடையன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்தேன். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "உன் புருஷன் பாட்டுத்தாம்மா உன்னைக் காப்பாத்துச்சு," என்றேன். அவள் கஞ்சியைக் கீழே வைத்தாள்.

"அவரு பாட்டாங்க? கண்ணாலமான நாள்லருந்து அவரு பாடுனா எனக்குக் கண்ணு சொக்கிருமுங்க. அன்னிக்கும் சொக்கிக்கிட்டுத்தான் வந்துச்சு. நீங்க பாட ஆரம்பிச்சீங்க பாருங்க, அப்பப் போன தூக்கம் இன்னும் திரும்பி வரலீங்க."

அன்று முதல் வண்டியை எடுக்கும் முன் பிரேக்கைப் பார்க்கிறேனோ இல்லையோ, தொண்டையை ஒரு தடவை கனைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.