பல லட்சம் ரூபா செலவில்

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் றொட்னி வாயைத் திறந்தால், தீவைப் பெருநிலத்தோடு சேர்க்கும் பாலத்தடி வரைக்கும் கேட்கும் என்பார்கள். அதில் பாதி ஒலிபெருக்கியின் புண்ணியம், மீதி அவனுடைய சொந்தத் தொண்டை. காலையில் கரையில் நின்று மீன் ஏலம் கூறி விற்பான். பின்னேரமானால் மைக் அவன் கையில். கோயில் திருவிழா, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி, முசலியில் கிரிக்கெட், டவுனில் புதுக்கடை திறப்பு, எதுவென்றாலும் சரி. மாதாவுக்கும் அவன்தான் அறிவிப்பாளன், அம்மனுக்கும் அவன்தான்.

அறிவிப்பு என்றால் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போவதா? முருங்கனிலிருந்து பஸ்ஸில் பாலத்தைத் தாண்டி வரும் பாண்ட் கோஷ்டி றொட்னியின் வாயில் "கடல் கடந்து வந்த" கோஷ்டியாகிவிடும். அடம்பனில் தையல் கடை வைத்திருக்கும் மாயவித்தைக்காரர் "ஆசியாவே அண்ணாந்து பார்த்த" மாயாவி ஆவார். வருவது யாராக இருந்தாலும் "பல லட்சம் ரூபா செலவில் வரவழைக்கப்பட்ட" என்பது மட்டும் கட்டாயம் உண்டு. எங்கள் பக்கத்து மேடைகளில் அது வணக்கம் சொல்கிற மாதிரி ஒரு மரியாதை. கேட்டுக்கொண்டிருக்கும் சனம் ஒருநாளும் கணக்குக் கேட்டதில்லை. சொல்லாமல் விட்டால்தான் வந்த கலைஞர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

இந்த மரியாதைதான் போன பங்குனியில் இரண்டு பேரை நாடு கடத்தும் அளவுக்குக் கொண்டுபோய் விட்டது.

அந்த இருவர் தோமாஸும் ஹன்னாவும். போலந்துக்காரர், புருஷன் பெண்சாதி. றொட்னியின் மனைவி அன்ரோனெற் முன் அறையைக் காற்றுக் காலத்தில் வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுவாள். மற்றவர்கள் பட்டம் இழுக்கப் பலகையில் கடலில் சறுக்கி விளையாட வருவார்கள். இவர்கள் சைக்கிளில் வந்தார்கள். கோடையில் தங்கள் பக்கத்துத் தெருக்களில் பொய்க்காலில் நடந்து, கட்டைகளை எறிந்து பிடித்துக் காசு உழைப்பார்களாம். குளிர் தொடங்கினால் அந்தக் காசில் சைக்கிளில் நாடு நாடாகச் சுற்றுவார்களாம். இங்கே முடிந்ததும் இந்தியா, பிறகு நேபாளம். ஹன்னா வந்த இரண்டாம் நாளே குசினிக்குள் புகுந்து தேங்காய் துருவினாள். அன்ரோனெற்றை அக்கா என்றாள். அதற்குப் பிறகு வாடகையையே குறைத்துவிட்டாள் அன்ரோனெற்.

எங்கள் வேதக்கோயில் பெருவிழாவுக்கு முந்திய ஒன்பது நவநாளில் ஒருநாள், பூசைக்குப் பிறகு பாட்டுக் கச்சேரி. பாட்டுக் கோஷ்டியின் வான் மதவாச்சிப் பக்கம் எங்கேயோ பழுதாகி நின்றுவிட்டது. மேடை வெறும் மேடை. சனம் சத்தம் போடத் தொடங்கிவிட்டது. கோயில் மூப்பர் றொட்னியைப் பார்த்தார். றொட்னி மணலில் சப்பாணி கட்டி இருந்த தோமாஸைப் பார்த்தான்.

"கொஞ்ச நேரம்தான் தம்பி. பிள்ளையளுக்காக," என்று தன் அரைகுறை இங்கிலீசில் கெஞ்சினான். ஒரு சதம் கேட்காமல் இருவரும் எழும்பிப் போய்ப் பொய்க்கால்களை எடுத்து வந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மைக் கையில் இருக்கும்போது றொட்னியால் நிறுத்த முடியுமா?

"பல லட்சம் ரூபா செலவில், விசேட விமானம் மூலம் போலந்து நாட்டிலிருந்து உங்களுக்காகவே வரவழைக்கப்பட்ட, ஐரோப்பாவின் அதிசய சர்க்கஸ் தம்பதிகள்!"

சனம் விசிலடித்தது. ஒருவன் அதை வீடியோ எடுத்துப் பேஸ்புக்கில் போட்டான். பார்த்த யாரோ ஒரு புண்ணியவான் குடிவரவுக் கந்தோருக்கு அறிவித்துவிட்டான். உல்லாசப் பயண விசாவில் வந்தவர்கள் காசு வாங்கிக்கொண்டு நிகழ்ச்சி நடத்துகிறார்கள் என்று.

பெருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்க, மத்தியானச் சோற்று நேரத்தில் ஜீப் வந்தது. இறங்கியவர்கள் முதலில் கேட்டது கடவுச்சீட்டைத்தான். அதை ஒரு மண்ணிறக் கவருக்குள் போட்டுக்கொண்டு பைகளைக் கொட்டினார்கள். எறிகிற கட்டைகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்தார்கள். பொய்க்கால் உள்ளே கோறையா என்று தட்டிப் பார்த்தார்கள். ஹன்னாவின் உள்ளுடுப்புகளையும் விட்டுவைக்கவில்லை. அவள் கொட்டியதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடித்தாள்.

கூட வந்த தமிழ் பேசும் உத்தியோகத்தர் றஸ்னா, பக்கத்து எருக்கலம்பிட்டி ஊர்ப் பிள்ளை, கறாராகச் சொன்னாள்: "நாளைக்குக் காலையில இவங்க ரெண்டு பேரும் டவுனுக்கு விசாரணைக்கு வரணும். நீங்களும் வரணும். அதுவரைக்கும் இவங்க வீட்டு வளவை விட்டு வெளிய போகக் கூடாது."

குற்றம் உறுதியானால் நாடு கடத்துவார்கள். பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறும். ஒரு நாட்டிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கு அடுத்த நாடு இலேசில் விசா கொடுக்காது. ஊர் ஊராகப் போவதையே வாழ்க்கையாக வைத்திருப்பவர்களுக்கு அதற்குமேல் என்ன தண்டனை இருக்கிறது? தோமாஸ் இதை விளங்கப்படுத்தியபோது கோபப்படக்கூட இல்லை. அவன் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் றொட்னிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்தக் குறையை அன்ரோனெற் தீர்த்துவைத்தாள். "பல லட்சமாம், பல லட்சம்! கோயிலுக்கு வெள்ளையடிக்கக் காசில்லாமல் மூப்பர் வீடு வீடாத் திரியிறார். உங்கட வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டாலென்ன? அந்தப் பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள், போய்ப் பாருங்கோ."

றொட்னி போய்ப் பார்க்கவில்லை. பார்க்க முகமில்லை. சண்டை மூண்ட தொண்ணூறில் அவனுக்குப் பதினொரு வயது. வள்ளம் ஏறி அக்கரையில் இந்திய மணலில் இறங்கி, ஈரச் சட்டையோடு தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு ஒரு மேசைக்கு முன்னால் நின்றவன். எங்கிருந்து வந்தீர்கள், ஏன் வந்தீர்கள், யாரைத் தெரியும்? தாய் அழுதழுது பதில் சொன்னாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பிறகு எத்தனையோ வருடம் மண்டபம் அகதி முகாமில் செக்கிங் நாள் வந்தாலே தாய் விடியுமுன் எழும்பிப் பதிவு அட்டைகளை எடுத்து வைத்துவிடுவாள். அந்நிய மண்ணில் நிற்பவனுக்கு அந்த மேசை எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்று றொட்னிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படி ஒரு மேசைக்கு முன்னால் தன் வீட்டில் சாப்பிட்டவர்களைத் தன் வாயாலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டோமே என்று நினைக்க, அவனுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

அடுத்த நாள் டவுனில் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஹன்னா வெளியே வரும்போது அழுது முகம் சிவந்து வீங்கியிருந்தது. விறாந்தையில் காத்திருந்த அன்ரோனெற் அவளை இழுத்துப் பக்கத்தில் இருத்தினாள். அடுத்தது றொட்னி.

கொழும்பிலிருந்து வந்த பெரிய அதிகாரி சிங்களத்தில் கேட்டார். றஸ்னா தமிழில் சொன்னாள். முதலில் கைபேசியில் வீடியோவைப் போட்டார்கள். றொட்னியின் குரலே றொட்னியைக் காட்டிக் கொடுத்தது.

"எத்தனை லட்சம் எண்டு சேர் கேக்கிறார்."

"ஒரு சதமும் இல்லை, சேர்."

"விசேட விமானம்?"

"சைக்கிளில வந்தவை, சேர்."

"அப்ப மைக்கில சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

"மைக்கில சொன்னதுதான் பொய்."

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலயா?"

"அதுகளுக்குத் தெரியும், சேர்."

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். பிடிபட்ட பிறகு எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்றார். சனத்துக்கு முன்னால் உரக்கச் சொன்னதை நம்புவதா, கதவை மூடிய அறைக்குள் பயந்து சொல்வதை நம்புவதா? வெள்ளிக்கிழமை இருவரையும் விமான நிலையத்துக்குக் கொண்டுபோக ஒழுங்கு செய்யும்படி றஸ்னாவிடம் சொல்லிவிட்டுக் கோப்பை மூடப் போனார்.

றொட்னி கதிரையை விட்டு எழும்பிவிட்டான். ஏன் எழும்பினான் என்று அவனுக்கே பிறகு தெரியவில்லை. மேசையில் கிடந்த தண்ணீர்ப் போத்தலை மைக் மாதிரி வாய்க்கு நேரே பிடித்தான்.

"சேர், குறை நினைக்காதேங்கோ. உங்களை ஒருக்கா மேடைக்குக் கூப்பிடுறன்."

அடுத்த நொடி அந்தக் கட்டிடம் அதிர்ந்தது. "பெரியோர்களே, தாய்மார்களே! இதோ, பல லட்சம் ரூபா செலவில், தலைநகர் கொழும்பிலிருந்து விசேட உலங்கு வானூர்தியில் வரவழைக்கப்பட்ட, பதினெட்டு மொழி வித்தகர், எல்லைகளின் காவலர், ஏழு நாட்டு அரசர்களும் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் எங்கள் பெருமதிப்புக்குரிய விசாரணைத் திலகம்!"

பக்கத்து அறைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றது. வாசலில் பியோன் எட்டிப் பார்த்தார். றஸ்னா ஒரு கணம் தடுமாறிவிட்டு, கடமை கடமைதானே, வரி வரியாகச் சிங்களத்தில் சொல்லத் தொடங்கினாள். உலங்கு வானூர்திக்கு வந்தபோது அதிகாரியின் மீசை லேசாக அசைந்தது. ஏழு நாட்டு அரசர்களுக்கு அவர் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு அவர் ஏதோ சொல்ல, றஸ்னாவால் அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்.

"சேர் பஸ்ஸில வந்தாராம். மூணு மாசமாப் பயணப் படியும் வரல்லையாம். அந்தப் பல லட்சம் எங்க இருக்கெண்டு கேக்கிறார்."

அதோடு அவள் நிற்கவில்லை. அதிகாரியின் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் வேறு என்னவோ சொன்னாள். பிறகு றொட்னிக்கும் அதைத் தமிழில் சொன்னாள்: "பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில என்னை 'மன்னாரின் மின்னல்' எண்டு மைக்கில கத்தினது நீங்கதானே அண்ணே? அண்டைக்கு நான் ஆகக் கடைசியா வந்தேன். அதைத்தான் சேருக்குச் சொன்னேன்."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக றொட்னியின் முகத்தைப் பார்த்தார்.

காசு வாங்கவில்லை என்பதை நம்புகிறேன், ஆனால் சட்டம் சட்டம்தான் என்றார். இலவசம் என்றாலும் இந்த விசாவில் மேடை ஏறக் கூடாது. இது எச்சரிக்கை, இன்னொரு தடவை பொய்க்காலில் கண்டால் மன்னிப்பில்லை. கறுப்புப் பட்டியல் இல்லை, விசா முடியும் வரைக்கும் இருக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: றொட்னி இன்றைக்கே அதே மைக்கில் உண்மையைச் சொல்ல வேண்டும். மண்ணிறக் கவரைத் தானே கொண்டுவந்து ஹன்னாவின் கையில் கொடுத்தார். அவள் கடவுச்சீட்டைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். புது முத்திரை ஒன்றும் இல்லை என்று கண்டதும் தோமாஸின் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினாள். அன்ரோனெற் "என்ர மாதாவே" என்று நிலத்தில் இருந்துவிட்டாள். றொட்னி போத்தலில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தான்.

அன்று மாலை வேஸ்பர் செபம் முடிந்து சனம் மணலில் நிறைந்திருந்தது. பாட்டுக் கோஷ்டி இந்த முறை வந்து சேர்ந்திருந்தது. றொட்னி மைக்கை எடுத்தான்.

"அண்டைக்கு இந்த மேடையில பொய்க்காலில நடந்தவைக்கு ஒருத்தரும் ஒரு சதமும் குடுக்கேல்லை. நான் சொன்னது பொய். அவை எங்களுக்கு வேடிக்கை காட்ட வந்தவை இல்லை. எங்களைப் பாக்க வந்தவை. எங்கட விருந்தாளியள்."

சனம் வேறு ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. "றொட்னிக்குக் காய்ச்சலோ?" என்று ஒருத்தன் கேட்க, எல்லோரும் சிரித்துக் கை தட்டினார்கள். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. பிள்ளைகள் பொய்க்கால் கேட்டு தோமாஸை இழுத்தார்கள். அவன் இரண்டு கையையும் விரித்துத் தலையை ஆட்டிவிட்டு, கடதாசியில் சுற்றிய கடலைச் சரையை நீட்டினான்.

கோஷ்டி துள்ளலான பைலாப் பாட்டு ஒன்றை எடுத்தது. ஒலிபெருக்கி மணலை உதைத்தது. றொட்னி மேடை ஓரத்திலிருந்து பார்த்தான். பெண்கள் பக்கத்தில், ஜீப் வந்ததிலிருந்து கண் மூடாத ஹன்னா, கடவுச்சீட்டு இருந்த துணிப்பையை மடியில் கட்டிப் பிடித்தபடி அன்ரோனெற்றின் தோளில் சாய்ந்து தூங்கிப் போயிருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அன்ரோனெற் அசையாமல் இருந்தபடி அவனைப் பார்த்துக் கையைக் கீழ் நோக்கி அமர்த்திக் காட்டினாள்.

றொட்னி போய்ச் சத்தத்தைக் குறைத்தான். பின்னால் இருந்தவர்கள் கேட்கவில்லை என்று கூச்சல் போட்டார்கள். அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நின்றான்.