ஓரகத்தியோடு ஆங்கிலம்

மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டிலிருந்து யாராவது சோதனைக்கு வந்தால் எங்கள் பக்கம் குனிந்து ஏதாவது கேட்பார்கள். நாங்கள் பல்லைக் காட்டுவோம். இப்படியே போனால் சரிப்படாது என்று மேனேஜருக்குத் தோன்றிவிட்டது. ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனிலேயே ஆங்கில வகுப்பு என்று அறிவித்தார்கள். பாண்டி டவுனிலிருந்து ஒரு டீச்சர் வந்தாள். என் வயதில் பாதி, துணிச்சலில் இரண்டு மடங்கு.

முதல் நாளே, "ஒரே ஸ்டாப்புல ஏறுறவங்க ஜோடியா உட்காருங்க. வண்டியிலயும் பேசிப் பழகலாம்" என்றாள். பாகூரில் எங்கள் ஸ்டாப்பில் கம்பெனி வண்டி ஏறுகிறவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளோடு இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் மோட்டார். அண்ணன் தம்பிக்கு நிலம் பிரிந்தும் போர்வெல் ஒன்றுதான், முறை வைத்துப் பாய்ச்சுவோம். எங்கள் முறையில் நாற்றங்காலுக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் மோட்டார் நின்றிருக்கிறது, நாற்று பாதி கருகிக் கிடக்கிறது. எங்கள் குடும்பத்தில் ஊரில் இருந்தவள் அவள் ஒருத்திதான். கேட்டேன். "நான் தொடவே இல்ல" என்றாள். தொடாமல் பேய் வந்தா நிறுத்தியது? நாற்றில் ஆரம்பித்த சண்டை அவள் பிறந்த கரையாம்புத்தூருக்குப் போய், அங்கிருந்து என் சீர்வரிசைக்கு வந்து, கடைசியில் இனிமேல் உன்னோடு பேசினால் நான் எங்கப்பனுக்குப் பொறக்கல என்று அவள் சொல்ல, நானும் அதையே திருப்பிச் சொல்ல, முடிந்தது.

முடிந்தது என்றாலும் ஒரே வாசலில் குடியிருக்கிறோமே, பேசாமல் எப்படி? கோழியிடம் பேசினோம். "ஏ கோழி, கேஸ் வண்டி வந்துகீதுன்னு சொல்லு" என்பாள் அவள். "எங்களுக்குக் காது கேக்குதுன்னு சொல்லு கோழி" என்பேன் நான். கோழி பாவம், எந்தப் பக்கமும் சேராமல் மேய்ந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த இரண்டு வருடமும் நரகம். எங்கள் வீட்டு ஆண்களைப் பற்றிக் குறை பேசினால் விளக்கம் கேட்காமல் புரிந்துகொள்ள உலகத்தில் எனக்கு இருந்த ஒரே ஆள் அவள்தான். ஆனால் நான் போய் முதலில் பேசுவதா? நிறுத்தியது அவள். அவள் வாயால் ஒப்புக்கொள்ளட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தேன்.

கேன்டீனில் கோழி குழம்பில்தான் இருந்தது. எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் ஃபேனைப் பார்த்தோம். டீச்சர் விடவில்லை. கடைசியில் என் ஓரகத்தி ஃபேனைப் பார்த்தபடியே, "வாட் டைம் டூ யூ கெட் அப்?" என்றாள். நான் தண்ணீர் ஜாடியைப் பார்த்து, "ஐ கெட் அப் அட் ஃபைவ்" என்றேன். எங்கள் இருவருடைய அப்பாக்களுக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. சத்தியம் செய்தது தமிழில், இது ஆங்கிலம் என்று நாங்கள் ஆளுக்கு ஆள் தனித்தனியாக முடிவு செய்துகொண்டோம்.

அந்த ‘கெட்’ என்ற வார்த்தைக்குத்தான் எத்தனை வால்! கெட் அப் என்றால் எழுந்திருப்பது, கெட் ஆன் என்றால் பஸ் ஏறுவது, அதே கெட் ஆன் என்றால் ஒத்துப்போவது, கெட் ஓவர் என்றால் ஒரு துக்கத்திலிருந்து மீண்டு வருவது. லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள்வது, லுக் ஃபார் என்றால் தேடுவது. "இன்னா மேடம் இது, வால மாத்துனா ஆளே மாறிப் போறான்?" என்று ஒருத்தி கத்தினாள். டீச்சர் சிரித்துவிட்டு, "போட்டுக்குடுத்துட்டான்னா என்ன போட்டான், என்ன குடுத்தான்? வாங்கிக் கட்டிக்கிட்டான்னா எந்தக் கடையில வாங்கினான்?" என்று கேட்டாள். கேன்டீனே குலுங்கியது. என் ஓரகத்தியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தேன்.

வண்டியிலும் பழகினோம். ஆங்கிலத்தில் எங்களிடம் இருந்த சரக்கு கொஞ்சம். அதை வைத்துக்கொண்டு ஜாடை பேச முடியாது, குத்திக் காட்ட முடியாது, அவள் அம்மா வீட்டை இழுக்க முடியாது. "இட் இஸ் ரெயினிங்." "எஸ், டேக் இன் தி க்ளோத்ஸ்." அவ்வளவுதான். இவ்வளவு மரியாதையாக நாங்கள் சண்டைக்கு முன்னால்கூடப் பேசியதில்லை. இறங்கி வீட்டு வாசலுக்கு வந்ததும் மறுபடியும் கோழி.

வகுப்பின் கடைசி நாள், ஒவ்வொரு ஜோடியும் எல்லோருக்கும் முன்னால் நின்று பேச வேண்டும். மேனேஜர் முன்வரிசையில். எங்களுக்குக் கொடுத்த வார்த்தை ‘டர்ன்’. டிவியை டர்ன் ஆன் பண்ணு, சத்தத்தை டர்ன் டவுன் பண்ணு என்று அழகாக மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். நான் கேள்வி கேட்க வேண்டிய இடம் வந்தது. சத்தியமாக நான் திட்டம் போடவில்லை. டிவி வர வேண்டிய இடத்தில் என் வாயில் வேறு வந்துவிட்டது.

"ஹூ டர்ன்ட் ஆஃப் தி மோட்டார்?"

அவள் முகம் செத்துப்போனது. மனப்பாடம் செய்த பதில் எதுவும் இதற்குப் பொருந்தாது. முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்தாள்.

"ஐ டர்ன்ட் ஆஃப். பைப் கேம் ஆஃப். வாட்டர் ஆல் வேஸ்ட். ஐ ஃபிக்ஸ் பைப். ஐ ஃபர்காட் டர்ன் ஆன்."

"வொய் டிட் யூ டெல் லை?"

"யுவர் மவுத். ஐ அஃப்ரெய்ட்."

கேன்டீன் முழுக்கக் கைதட்டல். நான் இரண்டு வருடமாகக் காத்திருந்த வார்த்தை அது. கிடைத்தால் துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்ற அவளைப் பார்த்ததும், எதற்கு இதைக் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "என்னா ஆக்டிங்! இதை வீடியோ எடுக்காம விட்டுட்டமே. இன்னொரு தடவை பண்ணுங்கம்மா!"

இன்னொரு தடவை செய்தோம். ஹூ டர்ன்ட் ஆஃப், ஐ டர்ன்ட் ஆஃப். இந்த முறை அவள் குரல் பாதிதான் வந்தது. பார்த்தால் மேனேஜர் போனில் இடம் இல்லையாம், பாதியில் நின்றுபோயிருக்கிறது. டீச்சர் தன் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு, "லாஸ்ட் டைம், கொஞ்சம் சத்தமா" என்றாள். அக்கா மறுபடியும் முந்தானையை எடுத்துத் திருக ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"ஹூ டர்ன்ட் ஆஃப் தி மோட்டார்?" என்று நான் கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள் நானே பதிலும் சொன்னேன். "ஐ டர்ன்ட் ஆஃப் தி மோட்டார்."

"மேடம், அது அவங்க டயலாக்" என்றாள் டீச்சர்.

"நோ. ஐ டர்ன்ட் ஆஃப். ஐ ஃபர்காட்."

"ஏய்! ஏன்டி பொய் சொல்ற?" அக்கா என் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். "நான்தான நிறுத்தனேன்? நான்தான மறந்தேன்? எம்மேல இருக்கறத நீ எதுக்குடி ஒன் தலையில தூக்கிப் போட்டுக்கற? அறிவு கீதா ஒனக்கு?"

"தமிழ் வேணாம் மேடம், ரெக்கார்டிங் ஓடுது" என்றாள் டீச்சர்.

அக்கா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நீ செத்த சும்மா இரும்மா. நாங்க பேசிக்கினு கீறோம்."